ஒரே ஜோடி ஸ்பீக்கர்

"இதுல சிவப்பு எது, கறுப்பு எதுங்க? ரெண்டுமே தூசி நிறமாத்தானே இருக்கு?"

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள். டிவி மேசைக்கடியில் தலையை விட்டிருந்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணிக் கொடுக்கிற மனிதர், இரண்டு ஒயருக்கு நடுவே திண்டாடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருந்தது ஒரே ஜோடி ஸ்பீக்கர். இடுப்புயரம், தேக்கு நிறம். அதைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பெற்ற பிள்ளைக்குத் தலைதுவட்டுவது போலிருக்கும். அவர் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ. அவள் டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க ஹோம் தியேட்டர். ஸ்பீக்கரோ இரண்டுக்கும் பொது. பாட்டு முடிந்தால் ஒயரைப் பிடுங்கி அதில் செருக வேண்டும், படம் முடிந்தால் திரும்ப இதில். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான்.

அதைவிடப் பெரிய கவலை கீழ் வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சத்தம் என்றால் ஆகாதாம். முன்பு குடியிருந்தவர்களை, பிள்ளை பந்து தட்டியதற்கே காலி பண்ணச் சொன்னாராம். இந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பது பற்றி மனிதர் வாயே திறக்கவில்லை.

"இந்த வீடு போச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். இப்ப அஞ்சு நிமிஷ நடை. ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு.

ஒயரை மாட்டிவிட்டு எழுந்தார். படம் ஓடியது.

"என்னங்க, கதாநாயகன் சமையல்கட்டுலேருந்து பேசுறானே?"

ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன.

மறுவாரம் எலக்ட்ரிக் கடையிலிருந்து ஒரு சுவிட்ச் பெட்டி வாங்கி வந்தார். பொத்தானை அழுத்தினால் பாட்டு, மறுபடி அழுத்தினால் படம் என்றான் விற்றவன். இவர் மாட்டிய அழகில் இடது ஸ்பீக்கரில் தாலாட்டு, வலதில் துப்பாக்கிச் சண்டை. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலை மனைவி ஸ்டீரியோ, ஹோம் தியேட்டர் இரண்டின் பின்பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"ஸ்பீக்கர் எப்பவும் ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும். படத்தோட சத்தத்தை ஸ்டீரியோ வழியா அனுப்பிடலாம். ஒயரை யாரும் தொடவே வேண்டாம். படம் பாக்கிறப்ப மட்டும் ஸ்டீரியோவோட சத்தத் திருகு இந்தக் கோட்டுல நிக்கணும், அவ்வளவுதான்."

அவர் வாயைப் பிளந்துவிட்டார். இத்தனை நாள் தரையில் உருண்டதெல்லாம் வீணா என்று வெட்கமாகவும் இருந்தது, இவளைக் கட்டியவன் தான்தான் என்று பெருமையாகவும் இருந்தது. "நீ சாதாரண ஆளு இல்லம்மா" என்றார். அந்த ஸ்பீக்கரைக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

சந்தோஷத்தில் அடுத்த ஞாயிறு ஒரு பாட்டை நன்றாகச் சத்தம் கூட்டி வைத்துக் கேட்டார். திருகைக் குறைக்க மறந்தார். படம் ஆரம்பித்தது. முதல் காட்சியில் வசனமே இல்லை. பிறகு வில்லன் கதவை எட்டி உதைத்தான். சமையல்கட்டில் கரண்டிகள் ஆடின. பதறிப்போய் ஏதோ பொத்தானை அழுத்தினார். அதே உச்சத்தில் பழைய பாட்டு அலறியது. எல்லாவற்றையும் அணைத்தார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் மூச்சிரைக்க நிற்கிறார். பின்னால் அவர் மனைவி. கண்ணாடிக்கடைக்காரர் தன் மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"சார், மன்னிச்சிடுங்க. இனிமே சத்தமே வராது. ஸ்பீக்கரை நாளைக்கே வித்துடறேன். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க."

தலைமையாசிரியர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்த அம்மாதான் அவரை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயோ, வித்துடாதீங்க தம்பி. எங்க டிவில சத்தம் போயி மாசக்கணக்காச்சு, நீங்க வைக்கிற படத்தையே எங்க டிவிலயும் வச்சு உங்க சத்தத்துலதான் பாத்துக்கிட்டிருக்கோம். சீக்கிரம் போடுங்க, கதவை உதைச்சவன் என்ன சொன்னான்னே தெரியல."