பாட்டு கிளாஸுக்குப் போன பெண்

எங்கள் கிழக்குத் தாம்பரம் காலனியில் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வரலாம், டைபாய்டு வரலாம், மாடிப்படியில் உருண்டு கால் உடையலாம். தெருவே ஆப்பிளும் பிரெட்டுமாகக் கிளம்பி வந்து பார்த்துவிட்டுப் போகும். மனசு சரியில்லை என்று மட்டும் வந்துவிடக் கூடாது. அதுவும் வரன் பார்க்கிற பெண்ணுக்கு வரவே கூடாது.

எனக்கு வந்தது. மேடவாக்கம் கூட்டுரோடில், ஆபீஸ் பஸ்ஸில் வந்தது. வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. முன்னால் ஒரு தண்ணி லாரி, பின்னால் ஒரு தண்ணி லாரி, நடுவில் எங்கள் பஸ். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. (பக்கத்து சீட்டில் இருந்தவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப வேண்டாமே என்று சத்தம் போடாமல் சாக முடிவெடுத்தேன். வளர்ப்பு அப்படி.)

சாகவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். காலையில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிடும். ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், "இதயத்துல ஒண்ணுமே இல்லம்மா. பதற்றம்தான். கவுன்சலிங் போங்க" என்றார். இதயத்தில் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அதையாவது வெளியில் சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கவுன்சலிங்கா? வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கடி. அப்புறம் எவன் வருவான் உன்னக் கட்டிக்க?"

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். (தபால் ஆபீஸில் எத்தனையோ பேரை அதட்டிய மனுஷன். வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதோடு சரி.)

குரோம்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேடத்தைக் கண்டுபிடித்தேன். வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்ற கண்டிஷனில் அம்மா விட்டாள். கவுன்சலிங்கோடு மியூசிக் தெரபியும் உண்டு. அதாவது, சுருதிப் பெட்டியைப் போட்டுவிடுவார். தம்புரா மாதிரி ஒரே சீராக ஓடும். நான் கண்ணை மூடி, அதோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று இழுக்க வேண்டும். "உள்ள இருந்து எது வந்தாலும் தடுக்காதீங்க" என்பது ஒரே கட்டளை. எனக்கு உள்ளே இருந்து வந்தது அழுகை. வாரா வாரம் சனிக்கிழமை பெட்டி ஓடும், நான் 'ம்ம்ம்' என்பேன், கண்ணில் குழாய் திறந்துகொள்ளும். மிச்சமுள்ள ஆறு நாளும் பயத்திலேயே வாழ்ந்த எனக்கு, ஒழுங்காக மூச்சு விட அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"சனிக்கிழமை ஆனா பொண்ணு எங்க கெளம்பிடறா?" என்று எதிர் வீட்டு ஆன்ட்டி கேட்டார்.

"பாட்டு கிளாஸ்" என்றாள் அம்மா. (இதில் பொய் எங்கே இருக்கிறது என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள்.)

ஆன்ட்டி அதைக் கல்யாணத் தரகரிடம் சொன்னார். தரகர் பல்லாவரத்தில் ஒரு வீட்டில் சொன்னார். செய்தி அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கச்சேரியே ஏற்பாடாகிவிட்டது. பையனுக்கு பேங்க் வேலை, குடும்பமே சங்கீதப் பைத்தியம். (அந்தப் பைத்தியத்துக்கு மட்டும் ஊரில் தனி மரியாதை.) ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

"இந்த இடம் அமைஞ்சா அந்தக் குரோம்பேட்டைப் பக்கமே போகக் கூடாது" என்றாள் அம்மா, எனக்குப் பூ வைத்துக்கொண்டே. "போற வீட்டுல இதெல்லாம் நடக்காது. நிறுத்திடணும்."

சரி என்று தலையாட்டினேன். தலைதான் ஆடியது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் நான் அவ்வளவுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பையனின் அத்தை பாட்டு டீச்சர். "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்றார்.

"அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குங்க" என்று பாய்ந்தாள் அம்மா.

"அதனால என்ன, ரெண்டு வரி பாடட்டும்" என்று அத்தை தான் கொண்டு வந்திருந்த கூடைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தது ஒரு சுருதிப் பெட்டி. சம்பந்தம் பேச வருகிற இடத்துக்கு யாராவது சுருதிப் பெட்டியோடு வருவார்களா? இவர்கள் வந்தார்கள்.

"எத்தன கட்டை சுருதிம்மா உனக்கு?"

"எவ்ளோ இருந்தாலும் பரவால்ல ஆன்ட்டி" என்றேன்.

அத்தையின் புருவம் ஏறியது. ஆனாலும் பெட்டியைப் போட்டார்.

நான்கு மாதப் பழக்கம் சும்மா விடுமா? சத்தம் கேட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது. வாய் தானாக 'ம்ம்ம்' என்றது. "சுருதி நல்லா சேருது" என்றார் அத்தை. அடுத்து வர வேண்டியதும் வந்தது. கன்னத்தில் இறங்கியது.

"பாட்டே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்னமா உருகறா பாருங்க!" என்று பையனின் அப்பா சிலிர்த்துப்போனார்.

"பக்தி ஜாஸ்தி அவளுக்கு" என்றாள் அம்மா.

அதற்குள் நான் விசும்ப ஆரம்பித்திருந்தேன். அப்புறம் கேவல். மூக்கு ஒழுகியது. மை கரைந்து வழிந்தது. எந்தக் கடவுள்மேலும் இவ்வளவு பக்தி யாருக்கும் இருக்க முடியாது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. பஸ்ஸில் வருமே, அந்தப் படபடப்பும் கூடவே வந்து சேர்ந்தது. மூச்சு பாதியில் நின்றது. இப்போது சொல்லாவிட்டால் இங்கேயே செத்துவிடுவேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பாட்டுல்லாம் தெரியாது. நான் போறது கவுன்சலிங். எனக்கு மனசு சரியில்ல. அதையும் நிறுத்தச் சொல்றாங்க. என்னால முடியாது."

பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. "யாராவது அத ஆஃப் பண்ணுங்களேன்" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் காலனி முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்தது. எதிர் வீட்டு ஆன்ட்டி என்னைப் பார்த்தால் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டார். தரகர் போனை எடுக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்தாள், எடுத்தாள். பெற்றவள் வாயை அடைத்துவிட்ட பாவி நான், எனக்கு எதற்கு மூச்சும் கீச்சும் என்று படுத்துக் கிடந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன். அந்தம்மாவ நறுக்குனு நாலு வார்த்த கேக்கணும்."

கேட்டாள். "இத்தன மாசமா என்னத்தக் கத்துக் குடுத்தீங்க எம் பொண்ணுக்கு? வந்த இடமும் போச்சு! நாளைக்கு இவள யாரு..." என்று மூச்சு வாங்கினாள்.

"உக்காருங்கம்மா" என்றார் மேடம். "கண்ண மூடிக் கொஞ்சம் மூச்சு விடுங்க. அப்புறம் மிச்சத்தத் திட்டலாம்." பெட்டியைப் போட்டார்.

அம்மா அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. தாத்தா செத்தபோதுகூட சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தவள். அன்றைக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்படி ஒரு அழுகை. நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் விடியக்காலைல நெஞ்சு இப்படித்தாண்டி அடிச்சிக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து. எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

என் ஒரு மணி நேரம் முழுவதையும் அவளே அழுது தீர்த்தாள். நான் ஒரு சொட்டு விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்கும் தனியாக நேரம் ஒதுக்கினார் மேடம்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, பேச்சுவாக்கில் "உங்க வீட்ல பாடுவாங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"ரெண்டு பேர் முறையா கத்துக்கிட்டவங்க சார். ஆனா பாடச் சொல்லிடாதீங்க. நாம தாங்க மாட்டோம்."