அந்திநடையிடம் வயசு கேட்ட வினை

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய பில்-சுன் அக்கா அவர்களுக்கு,

பூசானிலிருந்து தம்பி பில்-து வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி மி-ரானும் நலம். தேகு ஊர் வெயிலில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனை மி-ரான் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். ஊரார் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் பன்றி எலும்பு சூப்பு தண்ணியாக இருந்ததாக ஒருத்தன் இணையத்தில் எழுதினான். சும்மா விடலாமா? சூப்பு விடிய விடியக் கொதிக்கிறது, உன் நாக்கைத்தான் கொதிக்க வைக்கணும் என்று கடையின் பேரிலேயே பதில் போட்டேன். அதில் கை பழகிவிட்டது. அப்புறம் எதிரே உள்ள வட்ட அலுவலகத்துப் பெண் ஒருத்தி, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் ஒரே புளிப்பு என்று எழுதினாள். அதே கிம்ச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றவள் அக்கா அவள். கடை கேமராவில் பதிவாகியிருந்தது. கிண்ணமும் கையுமாக அவள் நிற்கிற படத்தை எடுத்துப் போட்டேன். நியாயம் என் பக்கம்தானே? ஆனால் அந்த அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பிரிவு முழுக்கச் சேர்ந்துதான் கிளம்பும். அவள் வரமாட்டேன் என்றதும் அவளுடைய மேலதிகாரி தெருக்கோடி நூடுல்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டார், அவர் போன பக்கம்தானே மற்றவர்களும் போவார்கள்.

மி-ரான் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாரும் செய்வதுபோல் கையால் மன்னிப்பு எழுதிப் படம் பிடித்துப் போடச் சொன்னாள். போட்டேன். "உங்களுக்குப் புளித்திருந்தால் வருந்துகிறேன், வேறு யாருக்கும் புளிக்கவில்லை" என்று, மணி மணியான கையெழுத்தில். ஊரே படித்துச் சிரித்தது. சனிக்கிழமை தவறாமல் மலையேறிவிட்டு வருகிற பெரியவங்க கூட்டமும் நின்னுபோச்சு. இப்ப மத்தியானத்துல துடைச்ச மேசையையே திரும்பத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வளர்த்த கடையை நான் மூடிடுவேனோன்னு பயமா இருக்குக்கா.

இதுக்கு நடுவுல 'அந்திநடை'ன்னு பேர் வச்சுக்கிட்டு ஒரு ஆள். "சூப்பு பழைய ருசிதான். ஆனால் கடைக்காரர் போனை விட்டுத் தலையே நிமிரவில்லை"ன்னு எழுதி ஒத்தை நட்சத்திரம். எனக்கு வந்துச்சே கோபம். சண்டைன்னா நம்ம ஊர்ல முதல்ல என்ன கேப்போம்? அதையே கேட்டேன். "உனக்கு வயசு என்ன? பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?" அதைப் பாத்துட்டுத்தான் மி-ரான் போனைப் பிடுங்கினா. நீங்களே சொல்லுங்க, வர்றவங்க முகத்தைப் பாக்காம வியாபாரம் பண்ற ஆளா நான்?

நீங்க ஒரு நாள் வந்து கல்லாவுல உக்காந்தாப் போதும், போனவங்க எல்லாம் திரும்பிடுவாங்க. வாங்கக்கா.

உங்கள் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் தீரட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
பில்-து

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மி-ரான் போனை அரிசியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். அந்திநடை பதில் போட்டிருக்கிறார். "எனக்கு அறுபத்தெட்டு வயசுடா பில்-து. உனக்குச் சூப்பு வைக்கக் கத்துக்கொடுத்தவ. மி-ரான் சந்தைக்குப் போயிருந்த நேரம், ஜன்னலோர மேசையில சாப்பிட்டுட்டு, உன் கையிலதான் காசு குடுத்துட்டு வந்தேன்."

அக்கா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். நீங்கள் கதவைத் திறக்கும்போதும் என் தலை குனிந்துதான் இருக்கும். கையில் போன் இருக்காது.