ஏழாம் நம்பர் கருந்துளையும் என் வாயும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. நான்கு பேரும் படித்தார்கள், நான்கு பேரும் சம்பாதிக்கிறார்கள். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். (மூன்றாவது பாஸா என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது.) இப்போதும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில், கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் நடுவில் எழுந்து நின்று நான் கேட்ட ஒரே கேள்வியால் ஒரு பி.எச்.டி. எட்டு மாதம் நின்றுபோயிருக்கிறது. அது என் சொந்த மகளின் பி.எச்.டி.

பெருமை பிடித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். தெரிந்ததை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார முடியாது. எனக்கு அந்த வியாதி முற்றிய நிலை.

மகள் பெயர் தேன்மொழி, கடைக்குட்டி. வானத்தில் வெகுதூரத்தில் குவாசர் என்று ஒன்று இருக்கிறதாம். பார்த்தால் புள்ளி மாதிரி இருக்கும். ஆனால் அதன் நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்துகொண்டு, சுற்றி இருப்பதை எல்லாம் விழுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கருந்துளை எவ்வளவு கனம் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒன்பது குவாசர் எடுத்திருந்தாள். ஆறு வருஷம் அந்த ஒன்பதோடுதான் குடித்தனம்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேனாம்பேட்டில் இரண்டு அறை வீடு கட்டிக் குடிவந்த மூன்றாம் வருஷம் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். போனதும் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது, எவ்வளவு இறங்கியது என்று அதில்தான் தெரியும்.

"அப்பனயும் எடை போட்டுகினேகீறாங்க, பொண்ணும் எடை போட்டுகினேகீது. இன்னா குடும்பம்டி இது" என்பார்.

ஒருநாள் நான் தேன்மொழியிடம், கண்ணுக்கே தெரியாததை எந்தத் தராசில் வைப்பாய் என்று கேட்டேன்.

"கருந்துளைதாம்மா தெரியாது. அதைச் சுத்தி வாயு மேகம் ஓடுது, அது தெரியும். எவ்ளோ வேகத்துல ஓடுது, எவ்ளோ தூரத்துல ஓடுது, ரெண்டும் தெரிஞ்சா நடுவுல இருக்கிறதோட கனத்தைச் சொல்லிடலாம்."

"வேகம் சரி. தூரத்த எப்டி அளப்ப? டேப்பு எட்டாதே."

"நடுவுல வெளிச்சம் கூடும், கொறையும். அந்த மேகமும் அதே மாதிரி கூடும், கொறையும். ஆனா உடனே இல்ல, கொஞ்ச நாள் கழிச்சு. இங்கேர்ந்து வெளிச்சம் அங்க போய்ச் சேர அவ்ளோ நாள் ஆவுது. அந்த நாளை எண்ணினா தூரம் தெரிஞ்சிடும்."

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சட்டென்று விளங்கியது. இவருக்கு உடம்பு கொஞ்சம் இறங்கினால் அடுப்படியில் என் முகம் அப்போதே இறங்கிவிடும். திருவேற்காட்டில் இருக்கும் பெரியவன் முகம் மறுநாள் இறங்கும். பெங்களூரில் இருக்கிற சின்னவன் முகம் இறங்க ஒரு வாரம் ஆகும். அதை வைத்தே யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். (சின்னவனிடம் இதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.)

வைவா என்று ஒரு நாள் குறித்தார்கள். பெரியவர்கள் முன்னால் நின்று அவள் தன் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் கேள்வி கேட்பார், பதில் சொல்லிவிட்டால் அன்றைக்கே டாக்டர். இவர் அந்தத் தேதிக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி டாக்டர் பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, மாதக் கணக்கில்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருந்தார். இவரோ கரையான்சாவடியில் ஒரு கடையில் சொல்லி, 'முனைவர் சு. தேன்மொழி' என்று பித்தளையில் பெயர்ப்பலகை செய்து, பேப்பர் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

வைவாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேன்மொழிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் முழங்காலில் சொட்டென்று ஏதோ விழுந்தது. எண்ணெய் இல்லை.

"ஏழாம் நம்பர்மா" என்றாள்.

"அதுக்கு இன்னா?"

"வருஷத்துல ஆறு மாசம் அது சூரியன் பக்கமா போயிடும், பாக்கவே முடியாது. இப்ப வெளிச்சம் போய்ச் சேர எத்தினி நாள்னு கணக்குப் போட்டா, அதுவும் கிட்டத்தட்ட ஆறு மாசம்னு வருது. நெஜமாவே அவ்ளோ நாள் ஆவுதா, இல்ல நாம பாக்காம விட்ட நாள்தான் கணக்குல வந்து உக்காந்துக்கிச்சான்னு தெரியல. அதுதான் ஒம்போதுலயே பெரிய எடை."

"உங்க வாத்தியார் இன்னா சொல்றாரு?"

"ஒண்ணே ஒண்ணுதான, இப்ப இருக்கட்டும், பின்னாடி பாத்துக்கலாம்றார். இப்ப அதைத் திருத்தப் போனா தேதி தள்ளிப் போயிடும். தேதி தள்ளிப் போனா அப்பா..."

 நான் இன்னொரு கை எண்ணெய் எடுத்து அவள் உச்சியில் வைத்துத் தேய்த்தேன்.

வைவா அன்று விடிந்ததும் ஒரு அண்டா கேசரி கிளறினேன். வைவா வைக்கும் பிள்ளையின் வீட்டார்தான் வருகிறவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டுமாம். வேனில் அண்டாவை என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பாடி, வில்லிவாக்கம் எல்லாம் கடந்து, பட்டுப்புடவையில் நெய் வாசனையோடு போய் இறங்கினேன். இவரால் வர முடியாது. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போகும் முன் தேன்மொழியின் வாத்தியார் வந்தார். நல்ல மனிதர். "உள்ள உங்களுக்குப் போரடிக்கும்மா. ஒண்ணும் புரியாது. வேணும்னா வெளியில காத்தாட உக்காருங்களேன்" என்றார். என் சிரமத்தை நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ காதுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. நேராக உள்ளே போய் முதல் வரிசையில், நட்டநடுவில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். என்ன அழகாகப் பேசினாள். திரையில் ஒன்பது புள்ளி வந்தது. உச்சியில் ஒற்றையாக நின்றது ஏழாம் நம்பர். பரிசோதகர் நான்கைந்து கேள்வி கேட்டார். சொல்லிவிட்டாள். பின்னால் இருந்த இரண்டு மாணவிகள் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். அதற்கும் சொல்லிவிட்டாள். (அந்த இரண்டு கேள்வியும் முதல் நாளே சொல்லிக் கொடுத்து வைத்ததாம். அதுதான் வழக்கமாம். எனக்கு யார் சொன்னது?) கடைசியில் வாத்தியார் எழுந்து, எங்கள் வரிசையைப் பார்த்துத் தமிழில், "பொதுமக்கள் யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார். கல்யாண வீட்டில் வாசலோடு போகிறவரை 'சாப்பிட்டுப் போங்க' என்பது மாதிரி அது ஒரு மரியாதைப் பேச்சு. யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்டதும் இல்லை.

நான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு கேள்வி கீது சார்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியவன் என் முந்தானையை இழுத்தான். "யம்மா, உக்காரு. மானம் போவுது."

"இருடா. அவரே கேக்க சொல்றாரு."

"கேளுங்கம்மா, நல்லா கேளுங்க" என்றார் பரிசோதகர். நரைத்த மீசை, சிரித்த முகம்.

"ஏழாம் நம்பரப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கலியே சார். வருஷத்துல ஆறு மாசம் அத்தப் பாக்கவே முடியாதாம். கணக்குலயும் அதே ஆறு மாசம்தான் வந்துகீது. அப்ப அது நெஜ எடையா, இல்ல பாக்காத உட்டதோட எடையா?"

ஹால் மொத்தமும் சிரித்தது. வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன். பரிசோதகர் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி முன்பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மகளிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார்.

தேன்மொழி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "யெஸ் சார்" என்றாள். பூசி மெழுகியிருக்கலாம். நான் அப்படி வளர்க்கவில்லையே.

கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி, மறுபடி ஒரு வைவா வைக்க வேண்டும் என்று வெளியே வந்து சொன்னார்கள். பரிசோதகர் என்னிடம் வந்து கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், இரண்டு தடவை. "இருபது வருஷமா வைவாவுக்குப் போறேம்மா. பொதுமக்கள் கேள்வி கேட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். பாராட்டுகிறாராம். அண்டாவுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது அண்டா மறுபடி என் காலுக்கு நடுவில். பாதிக் கேசரி அப்படியே இருந்தது.

இவர் வாசலில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். "இன்னா, ஆயிடுச்சா?"

"சின்னத் திருத்தம்பா. ஆறு ஏழு மாசத்துல முடிஞ்சிடும்" என்றாள் தேன்மொழி.

அவர் மாதத்தை எண்ணி விரலை மடக்கினார். ஐந்தோடு நின்றது விரல். அதை நான் பார்த்தேன்.

"எவன் கேட்டான் கேள்வி?"

"எவனும் இல்ல. இதோ, இவங்கதான்" என்றான் பெரியவன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாப்பது வருசமா என்னக் கேக்குறா மாரியே அவுங்களயும் கேட்டுட்டியா? பாவம்டி அவுங்க."

அதற்குப் பிறகு டயாலிசிஸ் செய்கிற இடத்தில் இந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரர், நர்ஸுகள், ஆட்டோக்காரர், எல்லோருக்கும் தெரியும். "கோட்டுப் போட்டவன்லாம் உட்டத எம் பொண்டாட்டி புட்சிட்டா" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவர் காலை அமுக்குவேன்.

நான்காம் மாதக் கடைசியில் ஒருநாள் தேன்மொழியிடம் கேட்டார், "அந்த ஏழாம் நம்பர் இன்னா ஆச்சு?"

"எடுத்துட்டேன்பா. இப்ப எட்டுதான்."

"எடுத்துட்டியா? அது அங்கியேதான கீது?"

"அங்கேயேதாம்பா இருக்கு. எடைதான் நமக்குத் தெரியல."

"தெரியாட்டி இன்னா. இருந்துட்டுப் போவட்டும்."

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எடை மெஷினில் ஏறப் போனவர், கொஞ்சம் இரு என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் எழவில்லை.

எட்டாம் மாதம் இரண்டாவது வைவா. வாயில் ஒரு ஹால்ஸ் மிட்டாயைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பொதுமக்களுக்குக் கேள்வி உண்டா என்று கேட்டதும் ஹால் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் ஆனாள். பித்தளைப் பலகையைப் பெரியவன் வாசலில் அடித்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷம் எதிலாவது யாராவது வாய் தவறி, 'கேக்க வேண்டியது எதனா இருந்தா கேளுங்க' என்று சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் நான்கு பேரும் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்க்க வந்த அன்றும் அதுதான் நடந்தது. சம்பந்தியம்மா பயந்தே போனார்கள். வெகுளியான அம்மா, சபை தெரியாமல் எழுந்து கேட்டுவிட்டாள். அப்படித்தான் கதை. அப்படித்தான் இவரும் சொன்னார், பிள்ளைகளும் சொல்கிறார்கள், இத்தனை வருஷமாக நானும் சொல்லிச் சிரிக்கிறேன்.

மேலே ஒரு வரியை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கு எண்ணெய் தேய்த்து முடித்து எழுந்தபோது தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்கிட்டதாம்மா சொன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லிடாத." சரி என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். ஹாலில் எழுந்து நின்றபோது அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெகுளியும் இல்லை, ஒன்றும் இல்லை. 'உனக்குப் புரியாது' என்று ஒருவர் சொல்லிவிட்டார், புரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அதற்காக என் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியதை நான் பார்க்க விடாமல் செய்துவிட்டேன். தேன்மொழி இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, அண்ணன்களிடம் சொல்லவில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

தேன்மொழியின் மகள் யாழினி, ஐந்தாவது படிக்கிறாள், ஸ்கூல் விட்டு இப்போதுதான் வந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

"யாழினி, ஒக்காரு கண்ணு. பாட்டி எழுதினதப் படி, சரியா கீதான்னு பாப்போம். தப்பு இருந்தா அப்பால திருத்திக்கலாம், நிறுத்தாத படி. கடைசிப் பக்கம் வரும்போது கொஞ்சம் சத்தமாப் படிம்மா. உங்கம்மா உள்ள துணி மடிச்சிகினு கீறா."