குண்டூசி குத்திய கேபிள்

அரசாங்கச் சொத்து எதுவானாலும் அதன் மேல் எண் அட்டை குத்தியிருக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்து மின் அலுவலகம் ஒன்றில் 1984இல் இந்த விதியை உயிராய்க் காத்தார்கள். நாற்காலிக்கு எண், துடைப்பத்துக்கு எண். எங்கள் ஊர் மிளகாய்த் தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓட, பதினோராயிரம் வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் கேபிள் வந்து இறங்கியது. அதிகாரி நந்தகோபால் அட்டையும் குண்டூசியுமாக வந்து சேர்ந்தார்.

லைன்மேன் மந்திரமூர்த்தி குறுக்கே பாய்ந்தார்.

"என்ன செய்யுதீங்க சார்? குத்தாதீங்க. கயித்துல கட்டிவிடுவோம்."

"சுற்றறிக்கையில் கயிறு இல்லை."

"ஊசி முனையில கரண்டு அழுத்தமெல்லாம் குவியும் சார். பிளாஸ்டிக்குள்ள முடி கனத்துல கீறல் விழும். வேர் மாதிரி கிளைவிட்டு உள்ளுக்குள்ளயே ஓடும். வெளிய தெரியாது. ஒருநாள் வெடிச்சிரும்."

"ஊசி உள்ளே கம்பியைத் தொடுகிறதா?"

"தொடாது."

"தொடாத ஊசிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

ஊசி பாதியில் நின்றது. பேப்பர் வெயிட்டால் இரண்டு தட்டுத் தட்டி இறக்கினார். மந்திரமூர்த்தியின் ஆட்சேபணைக் கடிதத்தையும் கோப்பில் குண்டூசியால்தான் குத்தி வைத்தார்கள்.

மாதாமாதம் அதிகாரி வந்து, "வெளித்தோற்றம் மிக்க திருப்தி" என்று எழுதிவிட்டுப் போனார். ஐந்தாம் மாதம் செடி பூவெடுத்த சமயம், அட்டை குத்திய அதே இடத்தில் கேபிள் டமாரென்று வெடித்தது.

விசாரணை அறிக்கை சொன்னது: "எண் அட்டை எரிந்துவிட்டபடியால், வெடித்த பொருள் இவ்வலுவலகச் சொத்துதானா என உறுதிசெய்ய இயலவில்லை."

உறுதிசெய்ய இரண்டு மாதம் ஆனது. மோட்டார் ஓடாமல், என் ஒரு குறுக்கம் நிலத்து மிளகாயும் பக்கத்துத் தோட்டத்துப் பெருமாயியின் மிளகாயும் தண்ணீரின்றிக் கருகிப் போயின. அதிகாரியைக் கிழிகிழியென்று கிழித்து நாலு பக்கம் மனு எழுதினேன்.

மனுவைக் கொடுக்கும் முன்பே புதுக் கேபிள் வந்துவிட்டது. இம்முறை மந்திரமூர்த்தி அட்டையைக் கயிற்றில்தான் கட்டினார். நியாயம் ஜெயித்தது! இணைப்புக் கொடுக்குமுன் ஊரே திரண்டு கேபிளுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டோம். வழவழப்பில் மாலை நிற்கவில்லை. மந்திரமூர்த்தி மேளக்காரர்களுக்குக் காப்பி வாங்கப் போயிருந்தார்.

"ஏலே, யார்ட்டயாவது ஊசி இருக்கா?" என்றாள் பெருமாயி.

"ஊசி ஆகாதுன்னு லைன்மேன் சொன்னாரே?" என்றேன்.

"அது ஆபீஸ் அட்டைக்கு. இது சாமி மாலைல்லா!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சட்டைப்பையில் இருந்த மனுவிலிருந்து குண்டூசியை உருவிக் கொடுத்தேன்.