அரை ஜெயத்துக்கு எவ்வளவு முடி?

நடுவர் கடைசி விசிலை ஊதியதும் கோவில்பட்டிக் கல்லூரி மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். வன்னியபெருமாள் மட்டும் இரண்டு கைகளாலும் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஜெயிச்சிட்டோம்!" பக்கத்தில் இருந்த கடைப் பையன் சீனி அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தெரியுதுலே. அதான் தலையப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

வன்னியபெருமாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். பந்து என்றாலே ஹாக்கிப் பந்துதான் என்று நினைக்கும் ஊரில், தான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கு இருந்த ஒரே நிரந்தர ரசிகர். சொந்த ஊர் எப்போதும்வென்றான். அவர் வந்து உட்கார்ந்தாலே அணி தோற்றுவிடுவதால் மாணவர்கள் அவருக்கு 'எப்போதும்தோற்றான்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வருடா வருடம் போட்டிக்கு முன்னால் அவர் வெயிலுகந்தம்மனிடம் போய், "ஜெயிச்சா மொட்டை போடுதேன் தாயே" என்று வேண்டிக்கொள்வார். இருபத்து நான்கு வருடங்களாக அம்மன் அவர் முடியைத் தொடவில்லை. அந்தத் தைரியத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போல வேண்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் முத்துச்செல்விக்கு நிச்சயதார்த்தம் என்பது வாயைத் திறந்து மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக அணி ஜெயித்தது அவருடைய கல்யாணத்துக்கு முந்தின வாரம். மணமேடையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்தவரைப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று பெண் வீட்டார் கிசுகிசுத்தார்கள். அந்தப் போட்டோவை அவர் மனைவி வேலுத்தாய் இன்றுவரை சுவரில் மாட்டவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அன்று வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் வேலுத்தாய்.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"எப்படி ஜெயிச்சாக?"

வன்னியபெருமாள் ஆச்சரியப்பட்டார். இத்தனை வருடத்தில் அவள் 'எப்படி' என்று கேட்டதே இல்லை.

"அத ஏன் கேக்க? நம்ம பயலுவ மொத்தமே ஒரு தடவதான் கோல் பக்கம் அடிச்சானுவ. அதுவும் அந்தப் பக்கம் ஹாக்கி கிரவுண்டுல போயி விழுந்துச்சு. ஆட்டம் முடிய ரெண்டு நிமிசம் இருக்கையில, எதுத்த டீம்காரன் அவன் கோல்கீப்பர்கிட்டயே பந்தத் தட்டி விட்டான். கோல்கீப்பர் குனிஞ்சு ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். பந்து பாட்டுக்கு உருண்டு உள்ள போயிட்டு."

வேலுத்தாயின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "அப்ப இது ஜெயிச்ச கணக்குல சேராதுல்லா?"

"அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

"ஒரு குழப்பமும் இல்ல. உங்க பயலுவ போட்டாத்தான் கோலு. அவிய தவறிப் போட்டதுக்கு நீங்க ஏன் மொட்டை போடணும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சாமி விஷயம். விவரம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் நல்லது என்று மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் மணிராஜைப் பார்க்கப் போனார்.

"சார், நேத்து நாம ஜெயிச்சோமே, அது ஜெயம்தானா?"

மணிராஜின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அண்ணாச்சி, தோத்தவனே கை குடுத்துட்டுப் போயிட்டான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"இல்ல சார், மனசுக்கு ஜெயிச்ச மாதிரி இல்ல."

பின்னால் நின்ற சீனி இதைக் கேட்டான். சீனி கேட்டால் ஊர் கேட்ட மாதிரி. மதியத்துக்குள், 'கோவில்பட்டி ரசிகரே வெற்றியை ஒத்துக்கொள்ளவில்லை' என்று எதிரணிக் கல்லூரி போட்டிக் குழுவிடம் புகார் கொடுத்துவிட்டது. குழு கூடி, நடுவரை விசாரித்து, சாயங்காலம் தீர்ப்புச் சொன்னது. மணிராஜ் அதன் நகலோடு கடைக்கே வந்தார்.

"வாசிச்சுப் பாருங்க. 'ஐயத்துக்கு இடமில்லாத முழுமையான வெற்றி.' கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. இப்ப திருப்தியா?"

காலையில் சந்தேகமாக இருந்த ஜெயம் இப்போது முத்திரையோடு வந்துவிட்டது. வன்னியபெருமாளுக்கு உச்சந்தலை அரித்தது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதம் என்ன சொன்னாலும் கண்ணால் பார்த்தது அரை ஜெயம். அரை ஜெயத்துக்கு அரை முடி கொடுத்தால் அம்மன் கோபிக்க மாட்டாள். நேராக முடிதிருத்தும் கடைக்குப் போய் மீசையை எடுத்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த முத்துச்செல்வி, "யாரு வேணும்?" என்றாள். குரலைக் கேட்ட பிறகுதான், "ஐயோ, அப்பா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வேலுத்தாய் வந்து பார்த்தாள்.

"மீசைய யாரு கேட்டா? அம்மன் கேட்டாளா?"

"அரை ஜெயத்துக்கு..."

"பேசாதீங்க! பசுவந்தனைல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து, 'பொண்ணோட அப்பா எங்க?'ன்னு உங்ககிட்டயே கேக்கப் போறாங்க. தலையில இருக்கதையாவது காப்பாத்துங்க!"

சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்தபோது கோவில்பட்டி அணியின் கோல்கீப்பர் இசக்கிமுருகன் வந்து நின்றான். இரண்டு முழங்கைகளிலும் தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது.

"அண்ணாச்சி இல்லையா?"

"நான்தாம்லே."

அவன் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "நீங்கதான் புகாருக்குக் காரணம்னு பசங்க சொல்லுதாங்க. நான் நம்பல அண்ணாச்சி. வெறுங் கேலரில வருசா வருசம் எங்களுக்காக உக்காந்திருக்கது நீங்க ஒருத்தர்தான்."

வன்னியபெருமாள் உரமூட்டையைப் பார்த்தபடி நின்றார். "நான் ஒரு வார்த்தை கேட்டேன்லே. அது இப்படி ஆயிட்டு. மனசுல வச்சுக்காத."

"நாங்க நல்லா ஆடலன்னு எங்களுக்கே தெரியும். ஆனா ஜெயிச்சிட்டு வீட்டுக்குப் போனேன் பாருங்க, எங்கப்பா எந்திரிச்சு வந்து தோள்ல தட்டிக் குடுத்தாரு. மூணு வருசமா ஆடுதேன், இதான் முத தடவ. அது மட்டும் அரைகுறையா இல்ல அண்ணாச்சி. முழுசா இருந்துச்சு."

அவன் போன பிறகும் வன்னியபெருமாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் விழுந்து விழுந்து ஐந்து பந்துகளைத் தடுத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜெயித்தது எப்படி என்று நோண்டிய நேரத்தில், தோற்காமல் இருந்தது எப்படி என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லையே.

ஐப்பசியில் வர வேண்டிய மழை கார்த்திகையில், அதுவும் தப்பான திசையில் இருந்து வந்தால், கரிசலில் யாராவது அதைத் திருப்பி அனுப்புகிறார்களா? விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத்தானே செய்கிறோம். இருபத்து நான்கு வருடம் காய்ந்து கிடந்தவனுக்கு ஒரு தூறல் விழுந்திருக்கிறது. அதை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே!

கடையைச் சாத்திவிட்டுக் கோவிலுக்கு நடந்தார்.

முடி விழ விழ, மனசும் லேசானது. வேலுத்தாய் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், ஜெயித்த கதையைச் சந்தோஷமாகச் சொல்லலாம். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, "எப்படிக் குடுத்தாலும் குடுத்தியே தாயே, அது போதும்" என்று கண்ணீரோடு கும்பிட்டார்.

வெளியே வந்தபோது, வாசலில் தேங்காய் விற்கும் சொர்ணத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அண்ணாச்சியா? என்ன காரியம் பண்ணிட்டீங்க! புதன்கிழமைதான நம்ம வேலுத்தாய் மதினி எங்கிட்டத் தேங்காய் வாங்கி ஒடச்சுட்டு, 'தாயே, அவிய சந்தோசத்துக்கு அந்தப் பயலுவ ஜெயிக்கவும் செய்யணும், அவிய முடிக்காக அது ஜெயிச்ச மாதிரியே இருக்கவும் கூடாது'ன்னு அழுது வேண்டிக்கிட்டுப் போனாவ!"