அத்தான் டீக்கு என்ன இனிப்பு?

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அத்தானின் கழுத்துத் தடிப்பு மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

வைத்தியத்துக்கு வந்தவரை என் வீட்டில் தங்கவைத்து, தடிப்பைக் கிளப்பிவிடும் ஹிஸ்டமின் என்ற சத்து குறைந்த சாப்பாட்டுப் பட்டியலையும் கொடுத்தனுப்பி, "டீக்கு எந்த இனிப்பு ஒத்துக்கும்னு நீயே பாரு" என்று எழுதியிருந்தாய். நானும் அவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது நீ அறியாததல்ல. இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

முதலில் தேன். டயட்டீஷியன் அம்மா, "சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்கு ஒத்துக்காது, கொஞ்சமா குடுத்துப் பாருங்க" என்றார். அரை ஸ்பூன் கலந்து கொடுத்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரியும் டார்ச் அடித்து ஒரு மணி நேரம் அவர் கழுத்தையே பார்த்தோம். சிவந்தது. தேனாலா, கோபத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்து பேரீச்சம்பழ சிரப், மூடியைத் திறந்ததும் புஸ்ஸுன்னு சத்தம், புளிச்சது எதுவும் கூடாதுன்னு பட்டியல்ல இருக்கே, சிங்க்ல கொட்டினேன், மாடி முழுக்க எறும்பு, கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து "சார், உங்க எறும்பெல்லாம் எங்க வீட்டுக்கு வருது"ன்னார், அதெல்லாம் என் எறும்புன்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டதுக்கு முறைச்சுட்டுப் போனார். அப்புறம் மேப்பிள் சிரப், ஏதோ வெளிநாட்டு மரத்துப் பாகாம். அது ஆகும்னு பட்டியலே சொல்லுது. வாங்கிட்டு வந்து பார்த்தா மேப்பிள்ங்கறது பெரிசா, அதோட சுவை மட்டும்தான்ங்கறது பொடி எழுத்துல. கண்ணாடிக் கடை வச்சிருக்கற எனக்கே லென்ஸ் தேவைப்பட்டுது. கடைசியா ஸ்டீவியா, சீனித்துளசிச் சாறு, ஒரு சொட்டு போதும்னான் கடைக்காரன், பாட்டிலை அமுக்கினா ஒன்பது சொட்டு. அத்தான் ஒரு வாய் குடிச்சார். முகத்துல ஒரு அசைவும் இல்லை. "நல்லாருக்கு மாப்பிள்ளை"ன்னார். அக்கா, ஆறு வருஷத்துல என்கிட்ட அவர் பேசின முதல் வார்த்தை. "இன்னொரு கப் போடட்டுமா அத்தான்?"னு கேட்டுட்டேன். "போடு"ன்னார்.

மறுநாளிலிருந்து ரெண்டு பேருமா கடை கடையா ஏறி இறங்கினோம். நான் லென்ஸைப் பிடிப்பேன், அவர் படிப்பார். முடிவில், வெறும் சர்க்கரையே அளவாகப் போடலாம் என்று டயட்டீஷியன் அம்மா சொல்லிவிட்டார். இனி கப்புக்கு அரை ஸ்பூன் என்று தீர்மானமாகியிருக்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் முழங்காலை நான் விசாரித்ததாகக் கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இதை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுட்டு, "மாப்பிள்ளை, நான் டீக்கு இனிப்பே போட்டுக்கறதில்லை. இருபது வருஷமாச்சு"ன்னார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே அத்தான்?"னேன். "சொல்லணும்னா பேசணுமே"ன்னார்.

ஆமா அக்கா, அந்த இருபது வருஷமும் அவருக்கு டீ போட்டது நீதானே?