நேரலைக்கு ஒரு ஆள்

மூன்றாவது பாட்டும் முடியப்போகிறது. தொலைபேசி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வானொலி அறிவிப்பாளர் தேன்குரலார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு காலத்தில் இந்த நேயர் விருப்பத்துக்கு லைன் கிடைக்க ஊரே தவம் கிடந்தது. அப்புறம் கம்ப்யூட்டரே பாட்டுப் போடக் கற்றுக்கொண்டது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது, 'அந்த நாள் நேயர் விருப்பம், நேரலையில்!' என்று தண்டோரா போட்டு மறுபடி அழைத்திருக்கிறார்கள். இன்று எடுபட்டால்தான் வேலை நிலைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பெண் கொட்டாவி விட்டாள்.

பாட்டு ஓடும்போதே மைத்துனனுக்குக் கைபேசியில் குசுகுசுத்தார். "யாரோ மாதிரி கூப்பிட்டு ஒரு பழைய பாட்டு கேளுடா."

மணி அடித்தது.

"வணக்கம் நேயரே!"

"அத்தான், என்ன பாட்டு கேக்கணும்னு சொல்லவே இல்லையே?"

சட்டென்று துண்டித்தார். மானம் கப்பலேறிவிட்டது. அதை இறக்க, மனைவியிடம் கைபேசியில் சொல்லிக் கூப்பிட வைத்தார்.

"வணக்கம்மா! ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

"ரேடியோவா? அதைத்தான் பழைய சாமான்காரன்கிட்ட எப்பவோ போட்டாச்சே! வரும்போது பல்பு வாங்கிட்டு வாங்க, சமையல்கட்டு இருட்டா கெடக்கு."

கட்டினவளே கேட்கவில்லையென்றால் ஊர் எங்கே கேட்கப்போகிறது? மைக்கைப் பிடித்துப் பொரிந்து தள்ளிவிட்டார்.

"நேயர்களே, இருக்கீங்களா, செத்துட்டீங்களா? ஒரு பாட்டுக்காக வாரம் பூரா காத்திருந்த ஜனங்கதானே நீங்க? இன்னிக்குப் பல்லவி முடியறதுக்குள்ள போன்ல விரலால தள்ளிவிட்டுட்டுப் போறீங்க. உங்ககிட்ட பேசறதுக்குச் செவுத்துகிட்ட பேசலாம்!"

பேசி முடித்ததும்தான் உறைத்தது, தன் வாயாலேயே வேலைக்கு வேட்டு வைத்துக்கொண்டோம் என்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நிலைய மேலாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "பிரமாதம் சார்! ஊரே சொக்கிப்போய்க் கெடக்கு. பாராட்டு குவியுது. அடுத்த வாரமும் தவறாம வந்துடுங்க!"

மேலாளர் போனதும் தேன்குரலார் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "அந்தத் திட்டையுமாம்மா ரசிச்சாங்க?"

"அது எங்க சார் வெளிய போச்சு? போனது உங்க பழைய நிகழ்ச்சியோட பதிவு, அதுல சொல்ற போன் நம்பரும் பழசு. நேரலைன்னு விளம்பரம் பண்ணிட்டோமில்ல, அதுக்குத்தான் உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சோம்."